டயர் காற்று முதலில், டெக் நட்டு கடைசியில்

ரைடிங் மோவரில், அதாவது உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டும் வண்டியில், ஒரு சுற்று ஓட்டிவிட்டு இறங்கித் திரும்பிப் பார்க்கிறோம். ஒரு வரிசை ஒட்ட வெட்டியிருக்கிறது, பக்கத்து வரிசையோடு சேரும் இடத்தில் மட்டும் புல் அரை அங்குலம் மேடாக நிற்கிறது, வெயில் சாய்ந்த நேரத்தில் பார்த்தால் மைதானம் முழுக்கப் படிப்படியாகத் தெரிகிறது. உடனே அநேகம் பேர் செய்கிற காரியம், ஸ்பேனரை எடுத்துக்கொண்டு டெக்கை (வண்டிக்கு அடியில் பிளேடுகளை மூடியிருக்கிற தகட்டுக் கூடு) தூக்கிப் பிடிக்கும் லிங்க் கம்பியின் நட்டைத் திருக ஆரம்பிப்பதுதான். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: அந்த நட்டு கடைசி வேலை. அதற்கு முன்னால் டயர் காற்று, வண்டி நிற்கிற தரை, பிளேடு, பேரிங் என்று நாலு சங்கதி இருக்கிறது. அதில் ஏதாவது ஒன்று சரியில்லாமல் நட்டை மட்டும் எவ்வளவு திருகினாலும் அடுத்த வாரமும் அதே படியைத்தான் பார்க்கப் போகிறீர்கள்.

நான் இருப்பது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி போகிற வழி, ரேஷன் கார்டு மலையாளத்தில், வீட்டுப் பேச்சு தமிழில். இங்கே தென்னந்தோப்புக்குள் கட்டின ரிசார்ட், ஸ்கூல் மைதானம், கல்யாண மண்டபத்து முன்பக்கம் என்று எங்கே பார்த்தாலும் இப்போது புல்தரைதான். இடம் பெரிதாக இருந்தால் தள்ளுகிற மெஷின் கட்டுப்படியாகாது, அதனால் உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி வாங்கிவிடுகிறார்கள். வாங்குவதோடு சரி, அதற்கப்புறம் அதன் வயிற்றுக்குக் கீழே குனிந்து பார்க்கிற ஆள் கிடையாது. அப்படிக் குனிந்து பார்க்கிற வேலைதான் எனக்கு.

இன்னொரு விஷயத்தையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எல்லாப் பழியும் மெஷின் மேல் விழும். சித்தூர் தாலுகா மண் (பாலக்காட்டுச் சித்தூரைச் சொல்கிறேன், ஆந்திராக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்) பல இடங்களில் கரிசல். கேரளாவில் கரிசல் மண் என்று சொன்னால் இந்தக் கிழக்குப் பாலக்காட்டைத்தான் கை காட்டுவார்கள். மழையில் ஊதும், வெயிலில் சுருங்கி விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். மாசி பங்குனியில் கணவாய்க் காற்று வேறு சேர்ந்துகொண்டு இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். அப்படிப்பட்ட தரை மேல் மட்டமாக வெட்டு என்றால் எந்த மோவரும் வெட்டாது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது சலித்த மணலும் மக்கின எருவும் கலந்து தூவிப் பள்ளத்தை நிரவிவிட்டு அப்புறம் மெஷினைக் குறை சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் பேசப்போவது முன்பக்கம் என்ஜின், நடுவில் தொங்குகிற டெக், அதில் இரண்டு பிளேடு உள்ள வண்டியைப் பற்றி. 42 அங்குல டெக் என்பார்கள், நம் கணக்கில் மூன்றரை அடி. எந்த நட்டு எந்தப் பக்கம், எத்தனை அங்குலம் என்பது மாடலுக்கு மாடல் மாறும், அதற்கு வண்டியோடு வந்த புத்தகம்தான் பேச வேண்டும், நான் பேசக் கூடாது. புத்தகத்தில் எழுதாத, எழுதியிருந்தும் யாரும் படிக்காத விஷயங்கள்தான் என்னுடையது.

புல்லே பாதி சொல்லிவிடும். படி படியாக இருந்தால் டெக் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, இடமோ வலமோ. வெட்டின வரிசைக்கு நடுவில் ஒரு கோடு போல வெட்டாத புல் நீளமாக நின்றால் சாய்வை விட்டுவிடுங்கள், இரண்டு பிளேடும் சந்திக்கிற இடத்தில் ஏதோ கோளாறு. முனை தேய்ந்து பிளேடு குட்டையாகிவிட்டிருக்கும், அல்லது பெல்ட் வழுக்குகிறது, அல்லது ஓட்டுகிறவர் மதியச் சாப்பாட்டு அவசரத்தில் பறந்திருக்கிறார். வெட்டின அன்றைக்கு நன்றாக இருந்து, மறுநாள் காலையில் தரை முழுக்க ஒரு வெள்ளைப் பூச்சு பூத்த மாதிரி தெரிந்தால் பிளேடு மழுங்கல். ஒரு இலையைப் பிடுங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பாருங்கள், நுனி நார் நாராகக் கிழிந்திருக்கும். நல்ல பிளேடு வெட்டின நுனி ஒரே கோடாக இருக்கும். அங்கங்கே மண் தெரியச் சிரைத்திருந்தால் உயரம் தப்பு, அல்லது டெக்கின் ஓரச் சக்கரம் தப்பு. வெட்டின புல் கட்டி கட்டியாக விழுந்து கிடந்தால் ஈரம், அல்லது டெக்குக்கு அடியில் ஒட்டின புல் அடை, அல்லது டெக்கின் பின்பக்கம் தாழ்ந்திருக்கிறது.

இப்போது டயர். இந்த வண்டிகளுக்குக் காற்று ரொம்பக் கம்மி. முன் டயருக்கு 14 பாயிண்ட், பின் டயருக்கு 10 பாயிண்ட் என்பது சின்ன வண்டிகளில் சாதாரணமாகப் பார்க்கிற கணக்கு. மாடலுக்கு மாடல் கொஞ்சம் கூடும் குறையும், ஆனால் பைக் கணக்குக்குப் பக்கத்தில்கூட வராது. பஞ்சர் கடைக்குக் கொண்டு போனால் என்ன நடக்கும் என்று தெரிந்ததுதான். போன மாதம்கூட ஒரு தம்பி முன் சக்கரத்தைக் கழற்றிக் கொண்டு போயிருந்தான், நானும் கூட நின்றேன். கடைக்காரப் பையன் ஓஸை மாட்டிவிட்டுப் பேச்சில் இருந்தான், முள் 28 தாண்டியது. "பதினாலு போதும்ப்பா" என்றேன். "பதினாலுங்களாண்ணா? அது தட்டையாப் போயிருமுங்ணா, முப்பது வெச்சுக்கங்க, நின்னு பேசும்" என்றான். நின்று பேசும், வாஸ்தவம்தான். கல்லாக இறுகின டயர் ஒவ்வொரு சின்ன மேட்டுக்கும் துள்ளும், அதோடு டெக்கும் துள்ளும், பின்னால் தரையில் அலை அலையாக விழும். ஒரு பக்கம் 8, இன்னொரு பக்கம் 18 என்று இருந்தால் இன்னும் மோசம், வண்டியே ஒரு பக்கம் தூக்கி நிற்கும், வண்டியில் தொங்குகிற டெக்கும் கூடவே சாயும். டயர் ஓரத்தில் அச்சடித்திருக்கிற எண்ணையும் நம்பி வைத்துவிடாதீர்கள், பெரும்பாலும் அது அந்த டயர் தாங்கும் அதிகபட்சம், வைக்க வேண்டிய அளவு புத்தகத்தில் இருக்கும். கார் டயருக்கான காற்றுமானி 10, 12 எல்லாம் ஒழுங்காகக் காட்டாது, குறைந்த அழுத்தம் அளக்கிற மானி ஒன்று தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பெரிய விலை இல்லை. நம் ஊரில் கருவேல முள் குத்தி மெதுவாகக் காற்று இறங்குவது சகஜம், ஆகவே இதை மாதத்துக்கு ஒரு தரமாவது பார்க்கத்தான் வேண்டும். படி படியாக வெட்டுகிறது என்று என்னைக் கூப்பிடுகிற இடங்களில் பாதிக்கு மேல் காற்றை வைத்ததுமே வேலை முடிந்துவிடுகிறது. காசு கேட்கக்கூடச் சங்கடமாக இருக்கும், ஆனாலும் கேட்டுவிடுவேன்.

அடுத்தது நிற்கிற தரை. மட்டமான சிமெண்ட் தரையில் நிறுத்தி அளக்கச் சொல்லி எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. நம் வீட்டு முற்றம், போர்ட்டிகோ, ஸ்கூல் வராந்தா எல்லாம் பார்த்தால் மட்டமாகத்தான் தெரியும், ஆனால் தண்ணீர் ஓட வேண்டும் என்று மேஸ்திரி வாட்டம் கொடுத்துத்தான் போட்டிருப்பார். மூன்றரை அடி அகலத்துக்கு அந்த வாட்டமே நாம் தேடுகிற வித்தியாசத்தைத் தின்றுவிடும். ரசமட்டம் இருந்தால் வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் ஒரு சுலபமான வழி: வண்டியை நிறுத்தி இடது வலது பிளேடு முனை இரண்டும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து (அளக்கிற விதம் பின்னால் வருகிறது) எழுதிக்கொள்ளுங்கள், அப்புறம் வண்டியை அப்படியே திருப்பி அதே இடத்தில் எதிர்ப்பக்கம் பார்த்து நிறுத்தி மறுபடி அளங்கள். முதலில் தாழ்ந்திருந்த பக்கமே இப்போதும் அதே அளவு தாழ்ந்திருந்தால் கோளாறு வண்டியில். தாழ்ந்த பக்கம் மாறிவிட்டால் கோளாறு தரையில், வேறு இடம் பாருங்கள்.

அளப்பதற்கு முன் சாவியை எடுங்கள், பார்க்கிங் பிரேக்கைப் போடுங்கள், ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைப் பிடுங்கித் தள்ளி வையுங்கள். இதில் விளையாட்டு வேண்டாம். பிளேடு முனை நிமிஷத்துக்கு 19,000 அடியைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்காக்காரர்கள் தரக்கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள், மணிக்கு என்று போட்டால் கிட்டத்தட்ட 350 கிலோமீட்டர். எல்லை அது என்றால் ஓடுகிற வேகம் அதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கையால் பிளேடைச் சுற்றும்போது என்ஜினும் கூடச் சுற்றி ஒரு அடி அடித்துவிட்டால் போதும், விரல் நம்முடையது இல்லை. தடித்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள். டெக்குக்கு அடியில் படுக்க வேண்டிய நிலை வந்தால் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள், மரக்கட்டை முட்டுக் கொடுங்கள்.

பிளேடுக்கு வருவோம், நான் அதிக நேரம் செலவழிக்கிற இடம் இது. தோப்புக்குள் ஓடுகிற மோவருக்குக் குரும்பை, மட்டைக் காம்பு, வேர் என்று தினம் ஏதாவது ஒன்று பிளேடில் அடித்துக்கொண்டே இருக்கும். குரும்பை சின்னதுதானே என்று நினைப்போம், அந்த வேகத்தில் அதுவும் கல்தான். வளைந்திருக்கிறதா என்று பார்க்க, பிளேடின் ஒரு முனையை டெக்கின் ஓரத்துக்குக் கொண்டு வந்து தரையிலிருந்து வெட்டும் விளிம்பு எவ்வளவு உயரம் என்று அளந்து, டெக்கில் அந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்துவிட்டு, பிளேடை அரைச் சுற்றுச் சுற்றி அடுத்த முனையை அதே குறிக்குக் கொண்டு வந்து அளங்கள். ஒரு நூலுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பிளேடு வளைந்துவிட்டது. நூல் என்றால் நம் கொத்தனார், ஆசாரி கணக்குதான், அங்குலத்தில் எட்டில் ஒன்று, சுமார் 3 மில்லிமீட்டர். இறக்குமதி வண்டிகளின் புத்தகத்தில் எல்லா அளவும் அங்குலத்தில் எட்டில் ஒன்று, நாலில் ஒன்று என்றுதான் வரும், நூல் கணக்கு தெரிந்தவர்களுக்கு அது ரொம்ப வசதி. வளைந்த பிளேடைச் சம்மட்டியால் தட்டி நிமிர்த்துவது, விரிசலுக்கு வெல்டு வைப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம். புதுசு வாங்குங்கள். வெல்டு வைத்த துண்டு தெறித்தால் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

பிளேடு நேராக இருந்தும் இரண்டு அளவும் ஒத்துப் போகவில்லையென்றால் ஸ்பிண்டில் பேரிங்கை, அதாவது பிளேடு மாட்டியிருக்கிற சுழல் அச்சின் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். பிளேடின் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், லேசாக 'டக் டக்' என்று கைக்குத் தெரிந்தால் பேரிங் போய்விட்டது. பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சுற்றினால் கரகரவென்று மணல் அரைபடுகிற மாதிரி கேட்கும். இதற்காக வண்டிக் கம்பெனி ஸ்பேருக்குத் தவம் கிடக்க வேண்டியதில்லை, பல வண்டிகளில் உள்ளே இருப்பது 6203 அல்லது 6204 பேரிங்தான், எண் பேரிங் மேலேயே எழுதியிருக்கும். இரண்டு பக்கமும் ரப்பர் சீல் வைத்ததாகக் கேட்டு வாங்குங்கள். பொள்ளாச்சியில் எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும், மோவருக்கு என்று சொன்னால் முழிப்பார்கள், எண்ணைச் சொன்னால் போதும். மாற்றும்போது புதுப் பேரிங்கின் நடு வளையத்தில் சுத்தியலை வைத்து அடித்து ஹவுசிங்கில் இறக்காதீர்கள், வெளி வளையத்தில் சரியாக உட்காருகிற பழைய பேரிங் ஒன்றை வைத்து அதன் மேல் அடியுங்கள்.

சாணை பிடிப்பதில் ஆளுக்கு ஒரு கொள்கை. சவரக்கத்தி மாதிரி கூர் வேண்டும் என்று சிலர் தேய்த்துத் தேய்த்துத் தகடாக்கிவிடுகிறார்கள், முதல் குரும்பையிலேயே விளிம்பு மடங்கிப் போகும். ஏற்கெனவே இருக்கிற சாய்வை, சுமார் 30 டிகிரி இருக்கும், அதையே பிடித்துக்கொண்டு அரத்தால் தேய்த்தால் போதும். கிரைண்டிங் மெஷின் போட்டால் ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள், நீலம் பாய்ந்தால் அந்த இடம் பதம் போய் மெத்தென்று ஆகிவிடும். தேய்த்த பிறகு சுவரில் ஒரு ஆணி அடித்து நடு ஓட்டையில் மாட்டிவிடுங்கள், எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் தேய்க்க வேண்டும். முனையில் கூர்ப்பக்கம் வேண்டாம், பின்பக்கம். கனம் ஒத்துப்போகாத பிளேடு வண்டியையே உதறும், பேரிங்கும் சீக்கிரம் போகும். திருப்பி மாட்டும்போது பிளேடு முனையில் காற்றை இழுக்கிற அந்த வளைந்த இறக்கை மேலே, டெக் பக்கம் பார்க்க வேண்டும். தலைகீழாக மாட்டின பிளேடு வைத்துப் புல்லை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்த வண்டி ஒன்றை ஒரு மண்டபத்தில் பார்த்திருக்கிறேன். சர்வீஸ் முடிந்து வந்த வண்டி, பில்லும் கட்டியாகிவிட்டது.

இந்த இறக்கை எதற்கு என்று தெரிந்தால் மற்றது எல்லாம் புரியும். புல்வெட்டும் எந்திரம் என்று முதலில் வந்தது இங்கிலாந்தில், ஸ்ட்ரௌட் பக்கம், எட்வின் படிங் என்பவர் 1830இல் பேட்டண்ட் வாங்கினது. துணி மில்லில் கம்பளியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைச் சீவுகிற எந்திரத்தைப் பார்த்துவிட்டு அவருக்கு வந்த யோசனை அது. கோயமுத்தூர், திருப்பூர் மில்லில் வேலை பார்த்த நம் ஆட்களுக்குச் சட்டென்று பிடிபடும். அது உருளை மோவர், சுற்றுகிற கத்தியும் அசையாத கத்தியும் சேர்ந்து கத்திரிக்கோல் போலப் புல்லை நடுவில் பிடித்து வெட்டும். நம் ரைடிங் மோவரில் பிடித்துக்கொள்ள இன்னொரு கத்தி கிடையாது. பிளேடு வெறும் வேகத்தில் வீசி வெட்டுகிறது, அந்த வீச்சுக்குப் புல் நிமிர்ந்து நின்று கழுத்தைக் கொடுக்க வேண்டும். நிமிர வைப்பது டெக்குக்குள் அந்த இறக்கை கிளப்புகிற காற்று. அதனால்தான் என்ஜின் முழு வேகத்தில் ஓட வேண்டும் என்பது. பெட்ரோல் மிச்சம் என்று பாதி வேகத்தில் ஓட்டுகிறவர்கள் மிச்சம் பிடித்ததை வேறு வழியில் தந்துவிடுகிறார்கள்.

அந்தக் காற்றுக்கு முதல் எதிரி டெக்குக்கு அடியில் ஒட்டுகிற அடை. எடவப்பாதியில், அதாவது ஜூன் மழை பிடித்தால், ஈரப் புல் டெக்குக்குள் அப்பிச் சாணி தட்டின மாதிரி கனமாக உட்காரும். காய்ந்தால் கல். மரத்துண்டாலோ பிளாஸ்டிக் கரண்டியாலோ சுரண்டி எடுங்கள். கடப்பாறையெல்லாம் வேண்டாம், பெயிண்ட் போனால் துரு, துரு வந்தால் இன்னும் அதிகமாக ஒட்டும். ஒட்டாமல் இருக்க டீசல் அடிக்கிறவர்கள் உண்டு, அது சொட்டின இடத்தில் புல் கருகும். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தேய்த்தாலே அடுத்த சுரண்டல் சுலபமாக இருக்கும், பாலக்காட்டில் அதற்கா பஞ்சம்.

இவ்வளவும் முடித்துவிட்டு இப்போது ஸ்பேனரை எடுக்கலாம்.

வழக்கமாக வெட்டுகிற உயரத்தில் டெக்கை வையுங்கள். புத்தகம் வேறு நிலையில் வைக்கச் சொன்னால் அதன்படி. இரண்டு பிளேடையும் வண்டிக்குக் குறுக்காக, இடம் வலமாகத் திருப்பி நிறுத்துங்கள். இடது பிளேடின் இடது முனை, வலது பிளேடின் வலது முனை, இந்த இரண்டும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளக்க வேண்டும். டெக்கின் தகட்டு ஓரத்தை அளக்காதீர்கள், தயவுசெய்து. அது வாய்க்கால் திண்டிலும் தென்னைத் தூரிலும் மோதி எப்போதோ வளைந்திருக்கும், புல்லை வெட்டப்போவது தகடு இல்லை, பிளேடு. டேப்பு அசையும், அதனால் நான் ஆசாரி வைத்திருக்கிற மூலைமட்டத்தைத் தரையில் நிமிர்த்தி வைத்து வெட்டும் விளிம்பைத் தொட்டு அளக்கிறேன். இரண்டு பக்கமும் ஒரு நூலுக்குள் இருந்தால் நட்டைத் தொட வேண்டாம், விட்டுவிடுங்கள். அதற்கு மேல் போனால்தான் ஒரு பக்கத்து லிங்க் நட்டைத் திருகி ஏற்றவோ இறக்கவோ செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும், இரண்டையும் ஒரே நேரத்தில் குடைந்தால் எது எதைச் செய்தது என்றே தெரியாமல் போகும். ஆரம்பிக்கும் முன் நட்டு இருக்கிற இடத்தில் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்ப வழி இருக்கும்.

அடுத்தது முன்னும் பின்னும். பலருக்கு நம்பிக்கை வராத இடம் இதுதான். ஸ்கூலில் நான் மூலைமட்டத்தோடு குனிந்திருந்தபோது பி.டி. மாஷ் (வாத்தியாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) வந்து பார்த்துவிட்டு, "முன்னாடி தாழ்ந்திருக்கே, மட்டம் வேண்டாமா?" என்றார். "வேண்டாம் மாஷே, இது இப்படித்தான் இருக்கணும்" என்றால் அவருக்கு ஒப்பவில்லை. பிளேடை நீளவாக்கில் திருப்பி அளந்தால் முன் முனை பின் முனையைவிட ஒரு நூலிலிருந்து இரண்டு நூல் வரை தாழ்ந்திருக்க வேண்டும், சில மாடல்களுக்கு அதற்கு மேலும் சொல்லியிருப்பார்கள். காரணம் லேசானது. வண்டி முன்னால் போகிறது, ஆகவே புல்லை முதலில் சந்திப்பது வட்டத்தின் முன் பாதி. அங்கேயே வெட்டு முடிந்துவிட வேண்டும். பின் பாதி அந்த உயரத்துக்குக் கொஞ்சம் மேலே சுற்றினால் வெட்டின புல்லைத் தொடாமல் தாண்டிப் போகும், என்ஜினுக்குப் பாரமும் குறையும். இரண்டும் சரி மட்டமாக இருந்தால் பின் பாதி வெட்டின நுனியையே மறுபடி உரசிக்கொண்டு போகும், நுனி பழுக்கும், ஏற்றத்தில் என்ஜின் முனகும். பின்பக்கம் தாழ்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், முன் பாதி மேலாக ஒரு தடவை, பின் பாதி கீழாக ஒரு தடவை என்று இரண்டு வெட்டு, கட்டி கட்டியாகக் குப்பை. மாஷிடம் இதையெல்லாம் விளக்குவதற்குப் பதில் ஒரு வரிசை மட்டமாக வைத்தும் ஒரு வரிசை முன்பக்கம் இறக்கியும் ஓட்டிக் காட்டினேன். அதற்கப்புறம் அவர் வாலிபால் நெட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

முன் இறக்கத்தை மாற்ற, டெக்கின் முன்பக்கத்திலிருந்து வண்டியின் முன் அச்சுக்குப் போகிற கம்பி ஒன்றோ இரண்டோ இருக்கும், அதன் முனையில் நட்டும் லாக் நட்டும் இருக்கும். பெரும்பாலும் நட்டை இறுக்கினால் முன்பக்கம் ஏறும், தளர்த்தினால் இறங்கும். இரண்டு கம்பி இருந்தால் இரண்டையும் ஒரே அளவு திருகுங்கள், இல்லையென்றால் ஒரு கம்பி சும்மா தொங்கிக்கொண்டு மற்றதே எல்லா பாரத்தையும் சுமக்கும். முன் இறக்கத்தை மாற்றினதும் இடம் வலம் கொஞ்சம் மாறியிருக்கும், திரும்பிப் போய் அதை ஒரு தடவை அளந்து பார்க்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் இதை விட்டவர்கள்தான் மறுபடி போன் செய்கிறார்கள்.

டெக்கின் ஓரத்தில் இருக்கிற சின்னச் சக்கரங்களைப் பற்றித் தப்பான எண்ணம் நிறைய. டெக்கைத் தாங்குவதற்கு என்று நினைத்து அவற்றைத் தரையில் அழுந்த இறக்கி வைத்துவிடுகிறார்கள். டெக்கைத் தாங்குவது லிங்க். சக்கரம் தரைக்கு மேலே இரண்டு மூன்று நூல் விட்டுத் தொங்க வேண்டும், மேடு வந்தால் மட்டும் பட்டு டெக்கைத் தூக்கிவிட வேண்டும், அப்போதுதான் மேட்டில் மண் சிரையாது. எப்போதும் தரையில் உருண்டால் சக்கரத்தின் அச்சும் தேயும், டெக்கும் ஒவ்வொரு குழிக்கும் ஆடும். வெட்டும் உயரத்தை மாற்றினால் இந்தச் சக்கரத்தின் உயரத்தையும் மாற்ற வேண்டும் என்பதை மறந்துவிடுவார்கள்.

அப்புறம் உயரம். அருகம்புல் தரை ஒன்றிலிருந்து இரண்டு அங்குலம் வரை தாங்கும், ஆனால் இந்த வீசி வெட்டுகிற மோவரில், அதுவும் நம் கரிசல் மேடு பள்ளத்தில், ஒன்றுக்குப் போனால் சிரைப்பு நிச்சயம், ஒன்றரைக்குக் கீழே நான் இறக்குவதில்லை. நர்சரியில் பஃபலோ கிராஸ் என்று விற்கிற அகல இலைப் புல்லுக்கு இரண்டுக்கு மேல். ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது எல்லாப் புல்லுக்கும் பொது. இரண்டு அங்குலம் வேண்டுமானால் மூன்றைத் தாண்டும் முன் வெட்டிவிட வேண்டும். மழை மாதத்தில் விட்டுப் பிடிக்கிறேன் என்று முழங்கால் வரை வளர விட்டுவிட்டு, அன்றைக்கே கோல்ஃப் மைதானம் மாதிரி வேண்டும் என்று முதலாளி நின்றால், முதலில் டெக்கை உச்சியில் வைத்து ஒரு வெட்டு, ரெண்டு நாள் கழித்து இறக்கி இன்னொரு வெட்டு. வேறு வழியில்லை, டெக்கை எவ்வளவு துல்லியமாக மட்டம் பார்த்திருந்தாலும்.

ஓட்டிப் பார்க்கிற நாள் புல் காய்ந்திருக்கட்டும், பனி காய்ந்த பிறகு ஒன்பது பத்து மணிக்கு மேல். தரையில் ஓரளவு சமமான இடமாகப் பார்த்து ஒரு வரிசை போய், அதன் மேல் அரை அடி ஏறுகிற மாதிரி அடுத்த வரிசை திரும்பி வாருங்கள். இரண்டும் சேருகிற இடத்தில் உட்கார்ந்து உள்ளங்கையைப் புல் மேல் வைத்துக் குறுக்காகத் தடவுங்கள், கண்ணுக்குத் தெரியாத படி கைக்குத் தெரியும். ஓட்டுகிறவர் நல்ல கனமான ஆளாக இருந்து படி இன்னும் லேசாகத் தெரிந்தால், அவரை சீட்டில் உட்கார வைத்து ஒரு தடவை அளந்து பாருங்கள், பின் டயர் அமுங்குகிற அளவு ஆளுக்கு ஆள் மாறும். எல்லாம் சரியாக வந்த பிறகு லாக் நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது கம்பி கூடவே சற்றுத் திரும்பப் பார்க்கும், ஆகவே இன்னொரு ஸ்பேனரால் கீழ் நட்டைப் பிடித்துக்கொண்டு இறுக்கிவிட்டு, கடைசியாக ஒரு தடவை அளந்துவிட்டு, பிளக் தொப்பியை மாட்டுங்கள்.

டெக் நாலு மூலையிலும் சங்கிலியில் தொங்குகிற ஜீரோ டர்ன் வண்டிக்கும் (நின்ற இடத்திலேயே திரும்புகிற வண்டி) டயர், தரை, பிளேடு, பேரிங் வரை இதே வரிசைதான், அதற்கப்புறம் நாலு மூலைக்கும் தனித்தனி நட்டு. இந்தப் பக்கத்தில் அந்த வண்டி வைத்திருக்கிறவர்கள் கம்மி. யாராவது வைத்திருந்து இதைப் படித்தால் மாடலைச் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன்.